மாதந்தோறும் சர்க்கரைக்கு எங்கே காட்டுவது? மூன்று இடங்களில் கண்டது

என் தாயாருக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் நகரத்துத் தனியார் மருத்துவமனையின் சர்க்கரை நோய் நிபுணர், எங்கள் தெருமுனைக் கிளினிக்கின் பொது மருத்துவர், ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய மூன்று இடங்களிலும் காட்டிவிட்டோம்.

முதலில் சென்றது நிபுணரிடம். மருத்துவத்தில் குறையில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை அங்கே மாதந்தோறும் எடுக்கச் சொன்னார்கள். அந்தச் செலவைப் பார்த்து அம்மா எங்களிடம் சொல்லாமலேயே இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார். சர்க்கரை ஏறிய பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது.

அதன் பின்னரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறினோம். தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு இலவசமாகத் தருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர், அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருந்த மாதங்களில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார். இலவச மாத்திரை வேலை செய்யுமா என்ற தயக்கம் அம்மாவுக்கு நெடுநாள் இருந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்துகள் ஆய்வகச் சோதனைக்குப் பிறகே அனுப்பப்படுகின்றன என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். வேளை தவறாமல் சாப்பிட்டதில் 8.4 ஆக இருந்த ஹெச்பிஏ1சி 7.1-க்கு இறங்கியது. கூட்டம் அதிகம், மருத்துவர் அடிக்கடி மாறுகிறார் என்பவை உண்மையான குறைகள்.

அந்தக் குறையைக் கிளினிக் மருத்துவர் ஈடுசெய்கிறார். அம்மா கிருத்திகை விரதம் இருப்பவர் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பட்டினியோடு கிளிமெபிரைடு போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும் என்பதால், அன்றைய அளவை அவரே மாற்றி எழுதித் தந்திருக்கிறார். காய்ச்சல், சளி என்றாலும் அவரிடம்தான் செல்கிறோம்.

நிபுணரையும் விட்டுவிடவில்லை. விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு ஒருமுறை செல்கிறோம். மாதாந்திரக் கவனிப்புக்கு என் பரிந்துரை ஆரம்ப சுகாதார நிலையமே. ஆனால் எங்கே சென்றாலும் எல்லாச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்: அப்படிக் காட்டியபோதுதான், ஒரே மெட்ஃபார்மின் இரண்டு வெவ்வேறு பெயர்களில் அம்மாவுக்கு எழுதப்பட்டிருந்ததைக் கிளினிக் மருத்துவர் கண்டுபிடித்தார்.