நிகோடின் சூயிங்கம்: 2 மி.கி.யா, 4 மி.கி.யா? நாகர்கோவில் மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு

"அங்க 50 இழுத்துட்டு இருந்தேன் அண்ணே, நீங்க 2-ஐ எடுத்து நீட்டுறீங்க. இது எந்த மூலைக்குக் காணும்?"

கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் மருந்துக்கடை வாசலில் நின்று கேட்கிற கேள்வி இது. 50 என்பது வேப் (இ-சிகரெட்) திரவக் குப்பியில் எழுதியிருந்த எண். ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் எத்தனை மில்லிகிராம் நிகோடின் என்ற கணக்கு. 2 என்பது, புகைப்பதை நிறுத்த உதவும் சூயிங்கம் ஒரு வில்லையில் இருக்கும் மொத்த நிகோடின், மில்லிகிராமில். கிலோ விலையையும் ஒரு மீனின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பேரம் பேசுவது மாதிரிதான் இந்த ஒப்பீடு.

இங்கே வேப் திரவத்தை வாங்க முறையான கடையே கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சரக்கு இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். விற்றால் முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துபாயில் 2019 முதல் கடையில் வைத்து விற்கிறார்களே என்றால், அது துபாய். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியதும் பொருந்துவது இந்தச் சட்டம். மறைவாக விற்கப்படும் குப்பியில் லேபிள் என்ன சொன்னாலும் உள்ளே எவ்வளவு நிகோடின் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆகவே இந்த மதிப்பீடு, மருந்துக்கடையில் பில்லோடு நேராக வாங்கக்கூடிய நிகோடின் சூயிங்கம் பற்றியது. ஆனால் வேப்பிலிருந்து வருகிறவர் தன் பழைய எண்ணைப் புரிந்துகொள்ளாமல் புது எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

வெற்றிலை போடுகிற பாட்டிமாருக்கு ஃப்ரீபேஸ் (உப்பாகப் பிணையாமல் தனியே நிற்கும் நிகோடின்) என்ற பெயர் தெரியாது, விஷயம் தெரியும். புகையிலைத் துண்டை வெறுமனே அடக்கினால் 'ஏறாது'. வெற்றிலை நுனியில் தேய்க்கிற சுண்ணாம்பு வாயைக் காரமாக்குகிறது (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்). காரம் ஏறினால் நிகோடின் உப்பு வடிவத்தை விட்டு ஃப்ரீபேஸ் வடிவத்துக்கு மாறும், கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்துக்குள் நுழையும். அமிலமா காரமா என்று அளக்கும் பி.எச். கணக்கில், 8-ல் பாதி நிகோடின் ஃப்ரீபேஸாக இருக்கும். 7-க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 6-ல் நூற்றில் ஒன்றுதான். சுருட்டுப் புகையை வாயில் வைத்திருந்தாலே ஏறுவதும், சிகரெட் புகையை நெஞ்சுக்குள் இழுத்தால்தான் ஏறுவதும் இதே காரணத்தால்தான். சுருட்டுப் புகை காரம், சிகரெட் புகை சற்று அமிலம்.

வேப் திரவத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. ஃப்ரீபேஸ் திரவம் 3, 6, 12, 18 மி.கி. என்று வரும், காரத்தன்மை கூடுதல் என்பதால் தொண்டையில் பிடிக்கும். 12-க்கு மேல் போனால் பலருக்கு இருமல்தான். சால்ட், அதாவது உப்பு வடிவத் திரவத்தில் பென்சாயிக் அமிலம் மாதிரி ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் காரத்தை இறக்கியிருப்பார்கள். தொண்டை எரியாது என்பதால் 20, 35, 50 என்று எண்ணை ஏற்ற முடிகிறது. எண் பெரிது என்பதால் மட்டும் பழக்கமும் பெரிது என்று ஆகிவிடாது. பெரிய மேகம் விடுகிற கருவியில் 3 மி.கி. ஃப்ரீபேஸை நாளுக்கு 10 மி.லி. தீர்ப்பவர் 30 மி.கி. நிகோடினை ஆவியாக்குகிறார். சின்னக் கருவியில் 50 மி.கி. சால்ட்டை அரை மி.லி. மட்டும் தீர்ப்பவர் ஆவியாக்குவது 25 மி.கி. முதலாமவர் "நான் வெறும் 3 தான்" என்று சொல்லிக்கொண்டு 2 மி.கி. கம்மை வாங்கிப் போய், மூன்றாம் நாள் பிய்த்துக்கொண்டு திரும்பி வருவார். எண்ணைக் கேட்காமல், ஒரு நாளைக்கு எத்தனை மி.லி. தீர்ந்தது என்பதோடு பெருக்கிப் பாருங்கள். அதிலும் எல்லாம் ரத்தத்தில் சேர்வதில்லை என்பதால், அது கையளவு மதிப்பீடு மட்டுமே.

சரி, கம்முக்கு வருவோம். லேபிளில் 'நிகோடின் போலாக்ரிலெக்ஸ்' என்று இருக்க வேண்டும். சிப்லாவின் நிக்கோடெக்ஸ் இங்கே எல்லோருக்கும் பழகிய பெயர்; வேறு கம்பெனிகளும் உண்டு. 'மூலிகை', 'புகைப்பதை நிறுத்த மருந்து' என்று எழுதி நிகோடின் பெயரே இல்லாத பாக்கெட்டுகளும் அதே அலமாரியில் இருக்கும். அவை வேறு சரக்கு, இந்தக் கணக்கு எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

போலாக்ரிலெக்ஸ் என்பது ஒரு பிசின். நிகோடினை அது பிடித்து வைத்திருக்கும். மெல்லும்போது எச்சிலில் உள்ள சோடியம் அந்த இடத்தைப் பிடிக்க, நிகோடின் வெளியே வரும். கூடவே கம்மில் சோடியம் கார்பனேட் வகை உப்பும் இருக்கும். நம் சுண்ணாம்பின் வேலையை அதுதான் செய்கிறது. கடியை நிறுத்தினால் வரத்தும் நிற்கும். அளவு உங்கள் தாடையில் இருக்கிறது என்பதே இந்தப் பொருளின் பெரிய நல்ல குணம். அதுவே பெரிய கஷ்டமும்கூட, ஏனென்றால் பாதிப்பேர் இதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று தீர்த்துவிடுகிறார்கள்.

மெல்லுகிற முறை இதுதான். வில்லையை வாயில் போட்டு நிதானமாக, பத்துப் பதினைந்து கடி. மிளகு கடித்த மாதிரி நாக்கோரத்தில் ஒரு சுரீர் வரும். வந்த உடனே நிறுத்தி, கடைவாய் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே, புகையிலை அடக்குகிற அதே இடத்தில், அடக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல ஆனதும் சுரீர் அடங்கும். மறுபடி நாலைந்து கடி, சுரீர் வந்ததும் கன்னம் மாற்றி அடக்கம். இப்படி அரைமணி நேரம். அதற்குமேல் மென்றாலும் சுரீர் வராவிட்டால் கம்மில் சத்து தீர்ந்தது என்று அர்த்தம், காகிதத்தில் மடித்துப் போடலாம்.

விடாமல் மென்றால் என்ன ஆகும்? நிகோடின் மொத்தமாக எச்சிலில் இறங்கும், எச்சில் வயிற்றுக்குப் போகும். விழுங்கிய நிகோடினின் பெரும்பகுதியைக் கல்லீரல் ரத்தத்தில் கலக்குமுன்பே சிதைத்துவிடும். மிஞ்சுவது விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். "எனக்கு இந்தக் கம் ஒத்துக்கல" என்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது மெல்லும் வேகம். எச்சிலைக் கூடியமட்டும் தாமதித்து விழுங்கினால் போதும்.

அடுத்த தவறு நம்மூருக்கே உரியது: கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்). சாயாவோடு ஒரு இழுப்பு என்று பழகியவர் சாயாவோடு ஒரு கம் என்று மாற்றிக்கொள்வார். சாயா, காபி, எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத், சோடா, கோலா எல்லாமே அமிலப் பக்கம். வாயின் காரம் போனால் கம்மிலிருந்து வருகிற நிகோடின் கன்னத்தில் ஏறாமல் வயிற்றுக்குத்தான் போகும். குடித்து 15 நிமிடம் கழித்துக் கம் போடுங்கள். கம் வாயில் இருக்கும்போது எதையும் குடிக்காதீர்கள். சாயாக் கடைக்குள் நுழைந்த பிறகு இதை நினைத்தால் நடக்காது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, கடையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்து, நேரம் பார்த்துப் போடுவதுதான் வழி.

சாயா பற்றி இன்னொன்று. சிகரெட், பீடிப் புகையில் உள்ள தார், காபீனைச் சிதைக்கிற கல்லீரல் நொதியைத் தூண்டிவிட்டிருக்கும். புகையை நிறுத்தினால் அந்தத் தூண்டல் போய், அதே ஐந்து சாயா உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, கைநடுக்கம் வரும்போது 'கம் பவர் கூடிவிட்டது' என்று நினைத்து 4-லிருந்து 2-க்கு இறங்கிவிடுவார்கள். முதலில் சாயாவைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். வேப் மட்டும் இழுத்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் புகையிலை எரிவதில்லை, அதனால் தாரும் இல்லை.

இனி எண். காலையில் கண் விழித்து அரைமணிக்குள் முதல் சிகரெட்டோ முதல் இழுப்போ தேவைப்படுகிறதா? அப்படியென்றால் 4 மி.கி. பல் தேய்த்து, சாப்பிட்டு, பஸ் ஏறின பிறகுதான் நினைப்பு வருகிறது என்றால் 2 மி.கி. நாளுக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைவிட இந்த ஒரு கேள்வி நம்பகமானது. இரவு முழுக்க நிகோடின் இல்லாமல் இருந்த உடம்பு எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்பதை அது நேராகக் காட்டிவிடுகிறது. வேப்பிலிருந்து வருகிறவருக்கும் இதே கேள்விதான். 50 சால்ட் இழுத்தவர்களில் பெரும்பாலோர் 4-ல் வந்து நிற்பார்கள். 3 ஃப்ரீபேஸ்காரர் இரண்டு பக்கமும் விழலாம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. 2 மி.கி.யைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம், 4 மி.கி.க்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். எனவே கடைக்காரர் கையில் கொடுப்பது எப்போதும் 2 தான், தேவை 4 ஆக இருந்தாலும். 'இரண்டு 2-ஐச் சேர்த்துப் போட்டால் 4 ஆகிவிடுமே' என்ற குறுக்குவழி வேண்டாம். வாயில் இரண்டு வில்லை இருந்தால் அடக்கி வைக்க முடியாது, மென்றுகொண்டேதான் இருப்பீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து மருத்துவரிடமோ விவரம் சொல்லிச் சீட்டு எழுதி வாங்குவது அரைநாள் வேலை. யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் 1800-112-356 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வதே ஏறக்குறைய 1 முதல் 1.5 மி.கி. நிகோடின். 2 மி.கி. கம்மை ஒழுங்காக மென்றால் அதில் பாதி போல ஏறும். அளவில் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை. வேகத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: இழுத்தது சில நொடிகளில் மூளைக்குப் போகும், கம் உச்சம் தொட இருபது முப்பது நிமிடம் எடுக்கும். ஆகவே ஏக்கம் வந்த பிறகு கம்மைத் தேடினால் கம் தோற்கும். வருவதற்கு முன்பே, மணி பார்த்துப் போடுங்கள். முதல் 6 வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. 7 முதல் 9-ஆம் வாரம் வரை இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று. 10 முதல் 12 வரை நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. பெரும்பாலோர் செய்கிற தப்பு கூடுதலாகப் போடுவது அல்ல. நாளுக்கு மூன்று நான்கு போட்டுவிட்டு 'வேலை செய்யல' என்பது.

சுவை: புதினா, இலவங்கப்பட்டை, பான் எல்லாம் கிடைக்கும். புதினாவே போதும், சுரீரை அது கொஞ்சம் மறைக்கும். பான் சுவையைப் பாக்கு, குட்கா போட்டுப் பழகியவர்கள் தவிர்ப்பது நல்லது. நாக்குக்குப் பழைய வீட்டு வாசல் அது. எல்லாமே முதல் சில கடிக்குக் கெட்டி. பைக் சீட்டுக்கு அடியில் அட்டையை வைத்து வெயிலில் நிறுத்தினால் வில்லை இளகி ஃபாயிலோடு ஒட்டிக்கொள்ளும். உரித்து எடுத்தால் பாதி ஃபாயிலிலேயே நிற்கும். சட்டைப் பையே மேல். கடையில் வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள். சின்ன ஊர்க் கடைகளில் இந்தச் சரக்கு மெதுவாகத்தான் நகரும்.

பல்செட் வைத்தவர்களுக்கும் தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கும் கம் சரிவராது. அவர்களுக்கு லாசெஞ்ச் எனப்படும் சப்பும் மாத்திரை. கடிக்கக் கூடாது, கன்னம் மாற்றி மாற்றி அடக்கினால் இருபது முப்பது நிமிடத்தில் கரையும். அதே 2 மி.கி. என்று எழுதியிருந்தாலும் முழுதும் கரைவதால் கம்மைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகவே உடம்பில் சேரும்.

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை (பேட்ச்) 21, 14, 7 மி.கி. என்று வரும், நாள் முழுக்க மெதுவாக இறங்கும். பட்டையை ஒட்டிக்கொண்டு அவசரத்துக்குக் கம் மெல்வது, இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பலன் தரும். மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டியது. குளச்சல் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கும் வெயிலில் ரப்பர் தோட்ட வேலைக்காரர்களுக்கும் பட்டை வியர்வையில் ஓரம் பெயரும். எண்ணெய் தேய்க்காத, முடியில்லாத மேல்கையில், நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்தினால் நிற்கும். தினமும் இடம் மாற்றுங்கள். ராத்திரி கனவுகள் கலைத்தால் படுக்குமுன் கழற்றிவிடலாம்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் எதையும் கடையிலிருந்து நேராக வாங்கக் கூடாது. கல்ஃப் பெட்டியில் மிச்சம் கிடக்கும் வேப் குப்பியையும் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் விடாதீர்கள்: 60 மி.லி. குப்பி, 'வெறும் 3' என்றாலும், 180 மி.கி. நிகோடின். பழ வாசனை வேறு அடிக்கும்.