பொனேர் ‘அன்லிமிடெட் டைவிங்’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

“7 நாள் அன்லிமிடெட் டைவிங். மாலத்தீவில் ஆகும் செலவில் பாதி.” இப்படித்தான் எங்கள் ஸ்கூபா டைவிங் குழுவிடம் ஒரு பயண முகவர் பொனேர் தீவுப் பேக்கேஜை விற்றார். அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொன்னது எது, கிடைத்தது எது, எங்கே காசைப் பிடுங்கினார்கள் என்பதை எழுதிவைக்கிறோம். தீவின் மேல் எந்தக் குறையும் இல்லை. கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கக்கூடிய பவளப்பாறைகளில் பொனேருக்கு ஈடான இடங்கள் கரீபியனில் மிகக் குறைவு. விற்ற விதம்தான் மோசடி.

பொனேர் வெனிசுலாவுக்கு வடக்கே இருக்கும் சின்னத் தீவு. 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, புழங்குவது அமெரிக்க டாலர். 1979-லிருந்தே சுற்றியுள்ள கடல் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பூங்கா. காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அந்தக் கரைச் சாலை ஓரமாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் இருக்கும், ஒவ்வொரு கல்லும் ஒரு டைவ் சைட். பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் காற்று டேங்குகளை அடுக்கிக்கொண்டு, கல்லைப் பார்த்து நிறுத்தி, உங்கள் பட்டியோடு (கூடவே இறங்கும் டைவ் கூட்டாளி) நீங்களே இறங்கி நீங்களே ஏறி வர வேண்டும். ‘அன்லிமிடெட்’ என்று அங்கே சொல்வது காற்றை மட்டும்தான். காலி டேங்கைக் கொடுத்து நிரம்பிய டேங்கை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போட் கிடையாது, கைடு கிடையாது. உள்ளூர்க் கடைக்காரர்கள் இதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். முகவர்தான் ‘டைவிங்’ என்ற வார்த்தையை ஒட்டி விற்கிறார்.

மாலத்தீவில் ஒரு டைவுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் தோணி, ஆட்கள், டைவ் மாஸ்டர் எல்லாம் பெரும்பாலும் அடக்கம். பவளத் திட்டுகளுக்கு நடுவே உள்ள கடல் கால்வாயில் கரண்ட் (நீரோட்டம்) உள்ளே ஓடுகிறதா வெளியே ஓடுகிறதா என்று முதலில் ஒருவர் குதித்துப் பார்த்துச் சொல்வார். நீங்கள் எங்கே மேலே வந்தாலும் தோணி அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும். பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை என்று அங்கே விதியே இருக்கிறது. மெக்சிகோவின் கோசுமெலும் கரீபியன்தான், ஆனாலும் அங்கே கரண்டோடு மிதந்து போவதுதான் முறை, பூங்காவுக்குள் கைடு இல்லாமல் இறங்க முடியாது. ஆகவே பொனேரின் டேங்க் விலையை மாலத்தீவின் டைவ் விலைக்குப் பக்கத்தில் வைத்து ‘பாதி’ என்று காட்டுவதே தவறு. அரிசி விலையையும் சாப்பாட்டு விலையையும் ஒப்பிடுகிற மாதிரிதான் அது.

அடுத்து எண்ணிக்கை. முகவரின் அட்டவணையில் 7 நாள், நாளைக்கு 4 டைவ், மொத்தம் 28 என்று இருந்தது. வந்து இறங்கிய நாளில் அது நடக்காது. பூங்காக் கட்டணத்தைக் கட்டி, விதிமுறை விளக்கத்தைக் கேட்டு, கடையின் எதிரிலேயே ஒரு செக் டைவ் (சோதனை டைவ்) முடித்த பிறகுதான் வெளியே போகலாம். கடைசி நாளும் போய்விடும். பல நாள், பல டைவ் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். காலை விமானத்தை அவர்களே புக் செய்துவிட்டு, அதற்கு முந்தின நாள் பிற்பகலுக்கும் ‘அன்லிமிடெட்’ என்று காசு வாங்கியிருந்தார்கள். நடுவில் இருக்கும் 5 நாளில் நிதானமாக 3 டைவ் என்று வைத்தால் 15. ஒரு டைவுக்கு என்ன விலை என்று பார்க்க, மொத்தத் தொகையை 15-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பூங்காக் கட்டணம் இன்னொரு வேலை. பொனேரில் அது ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு ஒரே முறை, ஆளுக்கு 40 டாலர். நீங்களே ஆன்லைனில் கட்டலாம், ரசீது உங்கள் பெயரில் வரும். எங்கள் பில்லில் ‘மரைன் பார்க்’ என்று நாள்கணக்கில் போட்டிருந்தார்கள். 2022 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பயணிகளுக்கு 75 டாலர் நுழைவு வரி வேறு இருக்கிறது. அது பேக்கேஜில் சேராது என்று எங்கும் எழுதவில்லை. நைட்ராக்ஸுக்கும் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) தனிக் கட்டணம் பிடித்தார்கள். பொனேரில் பல கடைகள் சான்றிதழ் இருப்பவர்களுக்கு அதைச் சாதாரணக் காற்றின் விலைக்கே தருகின்றன. கையுறை வாடகை என்றும் பில்லில் ஒரு வரி இருந்தது. பாறையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக பொனேர் பூங்காவில் கையுறை போடுவதே தடை. இந்த ஒரு வரியைப் பார்த்தாலே போதும், பேக்கேஜ் போட்டவர் அந்தத் தீவைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) விஷயம் இதைவிட ஆபத்து. வாடகை செட்டில் வந்தவை வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்ஸ். தோணி விளிம்பிலிருந்து குதிக்கிற மாலத்தீவுக்கு அது போதும். பொனேரில் கூரான பழைய பவளப்பாறையின் மேலும் உருளும் பவளத் துண்டுகளின் மேலும் நடந்துதான் தண்ணீருக்குள் போக வேண்டும், இடுக்குகளில் கடல்முள்ளி இருக்கும். கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸும், அதன் மேல் மாட்டும் ஸ்ட்ராப் ஃபின்ஸும் இல்லாமல் இறங்கவே கூடாது. இறங்கும் முறை இதுதான்: ஃபின்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, பிசிடியில் (காற்று ஏற்றி மிதக்க உதவும் ஜாக்கெட்) பாதிக் காற்று ஏற்றி, மாஸ்க்கும் மூச்சு விடும் ரெகுலேட்டரும் மாட்டிய நிலையில், பட்டியின் தோளைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடி வையுங்கள். இடுப்பளவு வந்ததும் மல்லாந்து மிதந்து ஃபின்ஸ் மாட்டுங்கள். கரையை ஒட்டி நின்று மாட்ட முயன்றால் ஒரு அலை போதும், முட்டி கிழிந்துவிடும்.

‘1000 ஸ்டெப்ஸ்’ என்ற இடத்தில் உண்மையில் சுமார் 70 படிகள்தான். ஆனால் நிரம்பிய 11 லிட்டர் அலுமினிய டேங்க் 16 கிலோ இருக்கும், பிசிடி, வெயிட் எல்லாம் சேர்த்தால் 25 கிலோவைத் தொடும். ஏறும்போது முட்டி என்ன சொல்கிறது என்று வயதானவர்கள் முன்கூட்டியே யோசியுங்கள். அதைத் தாண்டி கர்ப்பாட்டா என்ற டைவ் சைட்டுக்குப் போகும் கடற்கரைச் சாலை ஒருவழி. ஏதாவது மறந்துவிட்டால் ரின்கோன் ஊரைச் சுற்றித்தான் திரும்ப முடியும்.

கைடு இல்லாத இடத்தில் வழி பிடிக்கத் தெரியாமல் போவதுதான் புதியவர்களுக்கு நேரும் பெரிய சிக்கல். பாறைச் சரிவு தொடங்கும் இடத்துக்கு மேலே மிதவை இருக்கும், அதுவரை மேற்பரப்பில் நீந்திப் போய் அங்கே இறங்குங்கள். கரண்டுக்கு எதிராகத் தொடங்குங்கள். டேங்கின் அழுத்தம் 120 பாருக்கு (நிரம்பிய டேங்க் 200 பார்) இறங்கியதும் திரும்புங்கள். இறங்கிய இடத்தில் சரிவின் விளிம்பில் தனித்து நிற்கும் ஒரு கடல்விசிறியையோ பாறையையோ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

டேங்கை வண்டியில் ஏற்றும் முன் கேஜ் மாட்டிப் பாருங்கள். அவசரமாக நிரப்பினால் டேங்க் சூடாகி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். எங்களுக்குக் கொடுத்தவற்றில் சில 170 பார்தான் இருந்தன. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சு வாங்குபவர் 18 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் செலவழிப்பார். 50 பாரை மிச்சம் வைத்தால் 200 பார் டேங்கில் 33 நிமிடம், 170-ல் 26 நிமிடம்தான். கைடு இருந்தால் இதைக் கவனித்துச் சொல்வார். இங்கே சொல்ல ஆளில்லை.

நைட்ராக்ஸை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஆக்ஸிஜன் அளக்கும் அனலைசரைச் சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் என்று சரிசெய்து, டேங்க் வால்வை லேசாகத் திறந்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, அளவையும் ஆழ எல்லையையும் உங்கள் கையால் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஆக்ஸிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் 32 சதவீதத்துக்கு எல்லை 33 மீட்டர், 36-க்கு 28 மீட்டர். 1984-ல் மூழ்கிய ‘ஹில்மா ஹூக்கர்’ கப்பல் கிடக்கும் மணல் தரை சுமார் 30 மீட்டர். 32 என்று எழுதிய டேங்கில் 36 இருந்தால் அங்கே எல்லை மீறியாயிற்று.

விளம்பரத்தில் இருந்த ‘சுறா, மாண்டா திருக்கை உறுதி’ என்ற வரி சுத்தப் பொய். அவற்றுக்கு மாலத்தீவு போங்கள். பொனேரில் நீங்கள் தேட வேண்டியவை கடல்குதிரை, தவளைமீன், விலாங்கு, ஆமை. இரவில் உங்கள் டார்ச் வெளிச்சத்திலேயே வேட்டையாட வரும் பெரிய டார்பன் மீன்கள் உண்டு. முழுநிலவுக்குச் சில நாள் கழித்து, இருட்டியதும் டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், ஆஸ்ட்ரகாட் என்னும் மிகச் சிறிய கடலுயிர்கள் நீலப் பொட்டுகளாய் வரிசை வரிசையாக மின்னும். உப்பு ஏற்றும் துறையான ‘சால்ட் பியர்’ டைவை இன்ன தேதி என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள், உப்புக் கப்பல் நிற்கும் நாளில் அங்கே இறங்க முடியாது. பவளத் திசுக்களை அரிக்கும் நோய் 2023-ல் தீவுக்கு வந்த பிறகு கருவிகளைக் கிருமிநீக்கி விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

வண்டியில் எதையும் வைக்காதீர்கள், கதவையும் பூட்டாதீர்கள். டைவ் சைட்டுகளில் திருட்டு உண்டு, பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்கள். டயர், கண்ணாடி சேதம் பெரும்பாலும் வாடகை இன்சூரன்ஸில் வராது. எங்கள் பேக்கேஜில் ‘முழு இன்சூரன்ஸ்’ என்று இருந்தது, உள்ளூர் ஒப்பந்தத்தில் அந்த இரண்டும் விலக்கு. தனி டைவிங் இன்சூரன்ஸ் அவசியம் எடுங்கள். தலைநகர் கிராலென்டைக் மருத்துவமனையில் டைவிங் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது, அதன் பில்லைச் சாதாரணப் பயண இன்சூரன்ஸ் ஏற்கும் என்று எண்ண வேண்டாம்.

கேட்டதற்கு முகவர் பூங்காக் கட்டண வித்தியாசத்தை மட்டும் திருப்பினார், மற்றதற்கு “அன்லிமிடெட் என்றால் டேங்க்தானே” என்றார். நீங்கள் கேட்டால் முன்பணத்துக்கு முன்பே, மின்னஞ்சலில் கேளுங்கள்: போட் டைவ் எத்தனை, கைடு எத்தனை டைவுக்கு, டேங்க் எத்தனை பாருக்கு நிரப்பப்படும், ஃபின்ஸ் எந்த வகை, வண்டி இன்சூரன்ஸில் விலக்கு எவை. பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். எழுத்தில் பதிலும் உள்ளூர் ரசீதும் கையில் இருந்தால்தான் வங்கியிடம் முறையிட முடியும்.