பட்டியலா, காலண்டரா, டைமரா?

நேரத்தை மிச்சம் பிடிக்க யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. புதுசு புதுசாகப் பெயர் வைப்பார்கள், ஆப் இறக்கச் சொல்வார்கள். உரித்துப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இருப்பவை மூன்று முறைகள்தான். செய்ய வேண்டியதை எழுதிவைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பது ஒன்று. இந்த நேரத்துக்கு இந்த வேலை என்று காலண்டரில் கட்டம் கட்டுவது இன்னொன்று. 25 நிமிடம் டைமர் வைத்து வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஓட்டுவது மூன்றாவது.

எது சிறந்தது என்று கேட்டால், ஒரு எதிர்க்கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். உங்கள் நாளில் எத்தனை பேருக்கு உங்களை எப்போது வேண்டுமானாலும் கூப்பிட உரிமை இருக்கிறது? சோம்பல், ஒழுக்கம் எல்லாம் அப்புறம். இந்த ஒரு கணக்கை வைத்தே முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம்.

பட்டியல்: அடி தாங்கும், மணி பார்க்கத் தெரியாது

பட்டியலின் பெரிய பலம், நடுவில் யார் வந்தாலும் அது கலையாது என்பது. கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், அம்மாவுக்கு பிபி மாத்திரை என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். கூரியர்காரர் வருகிறார், பக்கத்து வீட்டு பார்சலையும் வாங்கி வைக்கச் சொல்கிறார், கேஸ் சிலிண்டர் வருகிறது. அரை மணி நேரம் போய்விட்டது. திரும்பி வந்தால் பட்டியல் அப்படியே இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பலவீனமும் அதே அளவு பெரியது. பட்டியலுக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது. "கேஸ் புக் பண்ண" என்பதும் ஒரு வரி, "பட்டா விஷயம்" என்பதும் ஒரு வரி. முன்னது இரண்டு நிமிடம். பின்னதற்கு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், தாலுகா ஆபீஸ் என்று எத்தனை நடை என்று யாருக்கும் தெரியாது. நாம் எதைத் தொடுவோம் என்று சொல்லவே வேண்டாம். சாயங்காலம் பார்த்தால் பத்தில் எட்டு டிக் ஆகியிருக்கும். மிச்சம் இரண்டும் போன மாதத்திலிருந்து பக்கம் பக்கமாகத் தாவி வருபவை.

இதற்கு மருந்து, வேலையின் பெயரை எழுதாமல் அடுத்து கை செய்ய வேண்டியதை எழுதுவது. "பட்டா விஷயம்" என்பதை "மூலப்பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க" என்று மாற்றிப் பாருங்கள், நகரும். இன்னொன்று, எண்ணிக்கையைக் குறைப்பது. ஐவி லீ என்ற அமெரிக்க மக்கள் தொடர்பு ஆலோசகர், 1918 வாக்கில் பெத்லஹேம் ஸ்டீல் அதிகாரிகளிடம், மறுநாளுக்கு ஆறே ஆறு வேலைகளை முக்கியத்துவப்படி எழுதி, முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள் என்றாராம். அதற்கு 25,000 டாலர் செக் வந்தது என்றும் கதை சொல்வார்கள். செக்கில் எவ்வளவு மசாலாவோ, ஆறு என்ற கணக்கு நல்ல கணக்கு. வீட்டையும் ஆபீசையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு நான் மூன்று என்பேன்.

காலண்டர்: ஊர் ஒத்துக்கொண்டால்தான் கட்டம்

கட்டம் கட்டும் முறை நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9, வெள்ளி 10.30 முதல் 12 என்று தினமும் ஒன்றரை மணி நேரம் அடைத்துவைத்திருக்கிறது. நம்புகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். அந்தக் கட்டத்தின் பலத்தை மட்டும் பாருங்கள். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. மறுக்க வேண்டிய அவசியமே வராது, ஏனென்றால் அது ஊருக்கே தெரியும்.

அதே வெள்ளி 10.30க்கு நீங்கள் போனில் "ரிப்போர்ட் எழுத" என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள். 10.35க்கு மேனேஜர் கூப்பிடுகிறார். அவருக்கு உங்கள் கட்டம் தெரியாது. தெரிந்தாலும் மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காலண்டர் முறையைப் புகழ்ந்து எழுதுபவர்களில் பலர் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வைத்திருப்பவர்கள். ஹாலில் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பவருக்கு அந்த யோசனை பாதிதான் பொருந்தும்.

இன்னொரு சிக்கல், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் என்று நாம் போடும் கணக்கு. அது தப்பும், அதுவும் ஒரே பக்கமாகத் தப்பும். கானேமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். சரி, எல்லாமே சொதப்பினால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். ஆக, பயந்து பயந்து போட்ட கணக்கும் போதவில்லை.

காலண்டரில் எழுதினால் இந்தத் தப்பு கண்ணில் படும், பட்டியலில் படாது. அந்த வகையில் காலண்டருக்கு ஒரு மார்க் கூடுதல். அடுத்த முறை மனசில் தோன்றும் நேரத்தை எழுதாமல், போன தடவை நிஜமாக எவ்வளவு ஆனது என்று பார்த்து எழுதுங்கள். அப்புறம், கட்டங்களுக்கு நடுவே காலி இடம் விடுங்கள். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கலர் கலராக நிரப்பிய காலண்டர் ஸ்கிரீன்ஷாட் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

டைமர்: தொடங்க வைப்பதில் கெட்டி

1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், தக்காளி வடிவில் இருந்த சமையலறை டைமரை வைத்துப் படிக்கத் தொடங்கினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்கு பொமொடோரோ என்று பெயர். முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. நம் நாழிகை 24 நிமிடம் என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உட்காரவே மனசு வராத வேலைக்கு மூன்றில் இதுதான் சரி. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது மலைப்பாக இருக்கும். 25 நிமிடம் பேப்பர்களை மட்டும் எடுத்து அடுக்குவது அப்படி இருக்காது. ஆனால் சிரில்லோவின் விதிப்படி ஒரு சுற்றை உடைக்க முடியாது. நடுவில் எழுந்து போனால் அந்தச் சுற்று செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் காலை முழுக்க ஒரு சுற்றுகூடத் தேறாது. பட்டியல் தாங்கிய அதே கூரியரையும் சிலிண்டரையும் டைமர் தாங்காது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடி, அதிலும் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் நேரம் சேர்த்தி. நடுவில் 5 நிமிட ஓய்வு யாரும் தரப்போவதில்லை. படிக்கத் தொடங்கும் மாதங்களில் 25 நிமிடச் சுற்று நல்ல துணை. தேர்வு நெருங்க நெருங்க 50, 90 என்று நீட்டி, மாதிரித் தேர்வை முழு 3 மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதிப் பழக வேண்டும்.

டைமரைப் போனில் வைக்காதீர்கள். டைமர் வைக்கப் போனை எடுப்போம், குடும்ப குரூப்பில் யாரோ குட் மார்னிங் போட்டிருப்பார்கள், அப்புறம் அந்த 25 நிமிடம் எங்கே போனது என்று தெரியாது. பழைய அலாரம் கடிகாரம் போதும்.

யாருக்கு எது

கூப்பிட ஆள் அதிகம் இருப்பவர்களுக்கு, அதாவது வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், சின்னக் குழந்தை வைத்திருப்பவர், பெரியவர்களைக் கவனித்துக்கொள்பவர் எல்லோருக்கும், என் ஓட்டு பட்டியலுக்கு. ஒரே ஒரு திருத்தம்: நேரத்தை மணிக்கணக்கில் குறிக்காமல் நிகழ்ச்சியோடு கட்டிவிடுங்கள். "காலை 8.15: பேங்குக்குப் போன்" என்று எழுதினால் ஸ்கூல் வேன் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலே கணக்கு கெட்டுவிடும். "வேன் போனதும் பேங்குக்குப் போன்" என்றால் வேன் எப்போது போனாலும் சரி. "இது நடந்ததும் அது" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார்.

அடுத்தவர்களோடு நேரம் பேசி வேலை செய்யும் ஆபீஸ்காரர்களுக்குக் காலண்டர். அதிலும் நாளுக்கு ஒரு கட்டம் மட்டும் சொந்தமாக வையுங்கள், மேனேஜர் ஆபீசுக்கு வருவதற்கு முந்தைய நேரத்தில். தனி அறையோ நூலகமோ வாய்த்த மாணவர்களுக்கு டைமர். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றில் இரண்டு ஆகவே ஆகாது; பில் புக்கின் பின்பக்கம் எழுதும் நாலு வரியே அவர்களுக்குச் சரி.

வீடு முழுவதற்கும் சேர்த்து ஒன்று வேண்டுமென்றால் மறுபடி காலண்டர்தான். ஏனென்றால் பட்டியல் பெரும்பாலும் ஒருவர் தலைக்குள், அநேகமாக அம்மாவின் தலைக்குள், இருக்கும். மற்றவர்கள் "சொல்லியிருந்தால் செய்திருப்பேனே" என்று தப்பித்துக்கொள்வார்கள். கணவன், மனைவி இருவர் மட்டும் என்றால் போனில் பொதுக் காலண்டர் போதும். தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் பெரிய மாதக் காலண்டர் மாட்டுங்கள். பேரனின் பேரன்ட்ஸ் மீட்டிங் தேதி அவர்களுக்கும் தெரியும், அன்றைக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்க மாட்டார்கள்.