எயர் பிடித்த லொறியும் விசுவமடுப் பக்கத்துக் கராச்சும்

கார்த்திகை மழை தொடங்கின கிழமை எங்கள் லொறியை வேப்பமரத்தடியில் விட்டோம். இவருக்கு நாரியில் ஒப்பரேசன். பாரம் தூக்கக் கூடாது, கிளச் மிதிக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாசியில் காலபோக அறுவடை வந்து ஊரெல்லாம் நெல்லு மூட்டை கட்டும்போது, ஓட்டித் தருகிறேன் என்று என் தம்பி வந்து சாவியைத் திருப்பினான். இஞ்சினைச் சுற்றவைக்கிற செல்ப் மோட்டார் 'டக்' என்றது. அவ்வளவுதான்.

டாட்டா 1613. ஆறு சிலிண்டர், பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப். முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்த லொறியால்தான். அதனால் அதைத் திருத்தின நேரம் முழுக்க நான் பக்கத்திலேயே நின்றேன். திருத்தின கராச்சைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் பக்கத்து வளவுக்காரர் டிராக்டர் பற்றரியில் வயர் கொழுவிப் பார்த்தார். லொறி 24 வோல்ட், டிராக்டர் 12. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததாக, டவுனில் இருந்து ஒரு கராச்காரரைக் கூப்பிட்டோம். தன் பற்றரிகளைப் பூட்டி ஐந்தாறு தரம் செல்ப் அடித்தார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றிக் கொண்டுபோக வேண்டும்" என்றார். 140,000 ரூபாய் முடியும் என்றார். அன்றிரவு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நெல்லு ஏற்றுகிற இன்னொரு லொறிக்காரர்தான் இந்தக் கராச் அண்ணையைச் சொன்னார். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தருமபுரம் தாண்டி விசுவமடு வருவதற்கு முன் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய கியர்பொக்ஸ் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். அண்ணைக்கு அறுபது வயது மதிக்கலாம். யுத்தத்தில் பெட்ரோல் வராத தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவிட்ட தலைமுறை. 2022 இல் டீசல் இல்லாமல் நின்ற வாகனங்கள் எத்தனையோ தன் கைக்கு வந்தன, நிற்கிற வண்டிக்கு வருகிற வருத்தம் வேறு, ஓடுகிற வண்டிக்கு வருகிற வருத்தம் வேறு என்றார்.

வந்தவர் சாவியைத் தொடவே இல்லை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார், ஒயில் பால் நிறமாக இல்லை, சரி என்றார். மீற்றரை வைத்து இரண்டு பற்றரியையும் தனித்தனியே அளந்தார். ஒன்று 12.3, மற்றது 10.8. "தங்கச்சி, இது செத்துப்போச்சு. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும், இரண்டையும் மாற்றுங்கோ." அவர் பற்றரி விற்பவர் அல்ல. கிளிநொச்சியில் எங்களுக்கு வசதியான கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தக் காசு கடன்தான், வேறு கதை.

மறுநாள் புதுப் பற்றரியோடு, என்னைச் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "புகை வருதா, என்ன நிறம் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ." பத்து விநாடி செல்ப் அடித்தார். ஒரு துளி புகை இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தமாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை. செல்ப் சூடாறட்டும் என்று இரண்டு நிமிடம் விட்டார். இஞ்சினை நிற்பாட்டுகிற கேபிள் இறுகிக் கிடக்கிறதா என்று பம்பில் உள்ள நெம்புகோலை விரலால் அசைத்துப் பார்த்தார். அது நன்றாக வேலை செய்தது.

பிறகு டாங்கியின் அடி நட்டைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தார். அதை வெயிலுக்குக் காட்டினபோதுதான் எனக்கு விளங்கியது. மேலே மஞ்சள் டீசல், கீழே மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, பாசி மாதிரி வழவழப்பாக ஒரு படை. அரை டாங்கியோடு மாரி முழுக்க நின்றால், வெறும் இடத்தில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் இறங்குமாம். அந்தத் தண்ணீர் ஓரத்தில் கிருமி வளர்ந்து பில்ரரை அடைக்குமாம். இரண்டு பில்ரரும் கறுத்துப் போயிருந்தன, மாற்றினார்.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். டீசலை இழுக்கிற கைப்பம்பை அடித்து பில்ரர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தினால் நுரை நுரையாக வருகிறது, நிற்கவே இல்லை. ஐம்பது தரம் அடித்திருப்பார், நுரைதான். டாங்கியிலிருந்து வருகிற குழாய்க்கும் பம்புக்கும் நடுவில், நிலமட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கிற மாதிரி ஒரு தெளிந்த ஹோஸ் துண்டைப் பூட்டினார். கைப்பம்பை அடிக்க அடிக்க, அந்த ஹோஸுக்குள் ஜவ்வரிசி மணி மாதிரிக் குமிழ்கள் வரிசையாக ஓடின. "எயர் பிடிச்சிருக்கு. டாங்கிப் பக்கம்தான்." தேடிப் போனால், பழைய ரப்பர் ஹோஸில் கிளிப்புக்கு அடியில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. வெளியே ஒரு சொட்டு டீசல் கசியவில்லை. அது உறிஞ்சுகிற பக்கம், அதனால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். நிற்கிற நாட்களில் குழாயில் இருந்த டீசலும் டாங்கிக்கே இறங்கிவிடும். 140,000 ரூபாய் பம்ப் பழுது அந்த வெடிப்புக்குள்தான் இருந்தது.

ஹோஸ் மாற்றி, செப்பு வோஷர் புதிதாகப் போட்டு, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை எயர் எடுத்தார். இன்ஜெக்டர் குழாய்களில் மூன்றின் நட்டைத் தளர்த்தித் தம்பியைச் செல்ப் அடிக்கச் சொன்னார். முதலில் சளசள என்றது, பிறகு டீசல் சீறியது. ஒவ்வொன்றாக இறுக்கினார். மூன்றாவதை இறுக்கி முடிக்குமுன் இஞ்சின் பிடித்துவிட்டது. வெள்ளைப் புகை வளவெல்லாம். இவர் திண்ணையில் இருந்து எழும்பி வந்து மட்காட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தம்பி எயர்கிளீனருக்குள் ஸ்ப்ரே அடிப்போமா என்று இடையில் கேட்டபோது அண்ணை கடுமையாக மறுத்தார். ஈதர் அது, கண்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும் என்றார்.

குறை ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் அறுபது மூட்டையோடு கிளிநொச்சி மில்லுக்குப் போகையில் தருமபுரத்தில் லொறி நின்றுவிட்டது. போன் எடுத்தோம். "டாங்கி மூடியைத் திறவுங்கோ" என்றார். திறந்ததும் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றோட்டத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்றுப் போக வழியில்லை, பம்பால் உறிஞ்ச முடியவில்லை. அண்ணை பதினைந்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, கம்பியால் குத்தித் துளையைச் சுத்தப்படுத்தி, திரும்ப எயர் எடுத்துத் தந்தார். "நேற்று நான் பார்த்திருக்க வேணும்" என்று காசு வாங்க மறுத்துவிட்டார்.

பற்றரி தவிர மொத்தம் 13,300 ரூபாய். ஹோஸ், கிளிப், வோஷர் 2,400, பில்ரர் இரண்டும் 3,900, இரண்டு நாள் கூலி 7,000. கழற்றின பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் தந்தார். இனி நிறுத்துவதென்றால் டாங்கியை நிரப்பி, பற்றரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு கிழமைக்கொருக்கால் ஸ்ராட் பண்ணி அரை மணித்தியாலம் ஓடவிடச் சொன்னார்.

கொம்பியூட்டர் பெட்டி உள்ள புது லொறிகளை அவர் எடுப்பதில்லை, வவுனியாவுக்குப் போகச் சொல்லிவிடுவார். காட் எடுக்க மாட்டார், காசுதான். கை ஒயிலாக இருக்கும்போது போனும் எடுக்க மாட்டார். காலை எட்டு மணிக்கு முன்னம் நேரே போனால் ஆளைப் பிடிக்கலாம்.