சட்டமா, கிராப்பா, தண்ணீர்ப் பாட்டிலா? பினாங்குக் கடலோர உயிர்க்கணக்கு

பினாங்குக் கரையோரத்தில் முதுகெலும்பில்லா உயிர்களைக் கணக்கெடுக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன. கடல் வற்றும் நேரம் இறங்கிச் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து அதற்குள் இருப்பதை எண்ணலாம், படகிலிருந்து கிராப் எனும் கவ்வும் கருவியை இறக்கிச் சேற்றை அள்ளலாம், பாட்டிலில் தண்ணீர் எடுத்து வடிகட்டி உயிர்கள் அதில் விட்டுச்சென்ற டிஎன்ஏவைப் படிக்கலாம். எது எங்கே எவ்வளவு என்று கேட்டால் மூன்றும் ஒரே பதிலைச் சொல்லாது.

சட்டம்தான் மலிவு. பிவிசி குழாயில் 50 செ.மீ. சதுரம், ஒரு நீளக் கயிறு, அவ்வளவுதான். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள மிடல் பேங்க் கடற்புல் திட்டுக்கு இதுவே தோது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும்போது கடல் அட்டையையும் கடல் சாமந்தியையும் இருந்த இடத்திலேயே எண்ணிவிடலாம். எதையும் கொல்ல வேண்டாம். தீவின் வடமேற்கு முனையான முக்கா ஹெட் பாறைகளுக்கும் சட்டம்தான், அங்கே கிராப் பல் பதியாது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கில் ஏறும். சேற்றுக்குள் கிடக்கும் புழுக்கூட்டம் தப்பிவிடும்.

அதைப் பிடிக்கத்தான் கிராப். வழக்கமான வான் வீன் கிராப் ஒரே கடியில் 0.1 சதுர மீட்டர் அடித்தரையை அள்ளும். ஆனால் வாயிடுக்கில் ஒரு கெராங் (சிப்பி வகை) ஓடு சிக்கினாலே போதும், மேலே வருவதற்குள் பாதிச் சேறு ஒழுகிவிடும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டியதுதான். அப்புறம் சல்லடை. 1 மி.மீ. கண்ணில் நழுவும் சின்னப் புழுக்கள் 0.5 மி.மீ. கண்ணில் நிற்கும். ஆகவே சல்லடை மாறிய இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ‘உயிர்கள் குறைந்துவிட்டன’ என்று சொல்வது வெறும் பேச்சு. மிஞ்சியதில் ரோஸ் பெங்கால் சாயம் விட்டால் புழுக்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும்; அப்படியும் பொறுக்கி முடிக்க முதுகு ஒடிந்துவிடும்.

பாட்டில் வழி கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். கண்ணில் படாத அரிய உயிரும் அகப்படலாம். ஆனால் ஓதம் போகவர ஓடும் கால்வாயில் அந்த டிஎன்ஏ எந்தக் கரையிலிருந்து வந்தது என்று யார் சொல்வது? எண்ணிக்கையும் நம்பும்படி வராது. நம் வெப்பக்கடல் புழுக்கள் பலவற்றின் டிஎன்ஏ இன்னும் பதிவாகவே இல்லை. பெயருக்குப் பதில் ‘ஏதோ ஒரு புழு’ என்றுதான் முடிவு வரும்.

பள்ளிக் குழுவுக்கும் தன்னார்வலர்களுக்கும் சட்டமே போதும். 2023இல் தீவின் தென்கரையில் தொடங்கிய கடல் தூர்ப்பின் (கடலை நிரப்பி நிலமாக்குவதன்) தாக்கத்தை அளக்க வேண்டுமா, கிராப்தான்: அதே இடங்கள், அதே சல்லடை, ஒப்பிட தூர்ப்பு எட்டாத ஓர் இடம். பணம் மிஞ்சினால் பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.