அல்ட்ராசவுண்டா, சிடி யூரோகிராமா?

பட்டர்வொர்த் மாமாவுக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனது. பினாங்கில் எந்த ஸ்கேன் எடுப்பது, அல்ட்ராசவுண்டா, மருந்து ஏற்றிச் சிறுநீர்ப் பாதை முழுவதையும் படமெடுக்கும் சிடி யூரோகிராமா என்று வீடே குழம்பியது.

செலவு: அல்ட்ராசவுண்ட் மலிவு, சிடி பல மடங்கு.

சிரமம்: அல்ட்ராசவுண்டுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், மாமா நாற்காலி நுனியில் நெளிந்தார். சிடியில் கதிர்வீச்சு உண்டு. படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்து ஏறும்போது உடலெங்கும் சூடு பரவும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள்.

துல்லியம்: இங்கேதான் உண்மையான வித்தியாசம். அல்ட்ராசவுண்ட் சிறுநீரகக் கட்டியைக் காட்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் ஒளிந்திருப்பதைத் தவறவிடக்கூடும். சிடியோ, மருந்து குழாய் வழியே இறங்கும்போது மறுபடி படமெடுத்து அடைப்பையும் காட்டிவிடும்.

கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட். அறுபதைத் தாண்டிய, புகைத்துப் பழகிய மாமாவுக்கு, என் கணக்கில், சிடிதான். இரண்டில் எதை எடுத்தாலும் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மாமாவுக்கு அதுதான் பயம்.