நீர்வர்ணத்தில் வெள்ளையைக் காப்பது: மாஸ்கிங் ஃபுளூயிடா, மெழுகா, குவாஷா?

கொழும்புப் புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை நீர்வர்ணத்தில் வரைய உட்கார்ந்தால் முதல் தலையிடி வெள்ளைதான்; கடதாசியின் வெள்ளையையே வர்ணம் படாமல் விட்டுவைக்க வேண்டும். 1908இல் கட்டத் தொடங்கிய கட்டடம். மேலிருந்து கீழ்வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டைகள், தூண்களில் முறுக்குக் கோடுகள் வேறு. பார்த்ததும் பலர் மாஸ்கிங் ஃபுளூயிட் (பூசிக் காயவிட்டால் வர்ணம் படாமல் கடதாசியை மூடும், பிறகு உரித்தெடுக்கும் திரவம்) போத்தலைத் தேடுவார்கள். பட்டைகளுக்கு அது வேண்டியதே இல்லை என்பேன். சிவப்பை மட்டும் தீட்டுங்கள், மீதி கடதாசி தானாக வெள்ளையாக நிற்கும். கை கொஞ்சம் நடுங்கினாலும் கோட்டுக்கு உயிர் வரும்.

ஃபுளூயிட் கைகொடுப்பது வானத்தில். மினாராக்களின் நுனிகளையும் கூரையின் பல் பல்லான விளிம்பையும் மூடிவிட்டால், பிரஷை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் நீலத்தை ஓட்டலாம். வெறும் கையால் ஒவ்வொரு நுனியையும் சுற்றி வருவதற்குள் வர்ணம் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

ஆனால் இது றப்பர் பாலும் அமோனியாவும் சேர்ந்த சாமான். களுத்துறைத் தோட்டப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். கொழும்பின் ஈரக்காற்றுக்கும் இதற்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. ஒக்டோபர், நவம்பர் மழையில் கடதாசி கண்ணுக்குக் காய்ந்திருக்கும். புறங்கையை வைத்தால் குளிரும். அந்த ஈரத்தில் பூசினால் பால் நாருக்குள் இறங்கி, உரிக்கும்போது கடதாசியின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வரும். அவசரத்தில் ஹெயார் டிரையர் பிடித்தால் இன்னும் மோசம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். நாட்கணக்கில் விட்டுவைப்பதும் அப்படித்தான். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசி ஓரளவு தாங்கும், மலிவான கொப்பி தாங்காது. பூச பழைய பிரஷ் போதும். முதலில் சவர்க்காரத்தில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிப் பிரஷ் குப்பைக்குத்தான். உரித்த பிறகு விளிம்பு கத்தரித்தது போல இருக்கும். ஈரப் பிரஷால் ஓரிரு இடத்தைத் தடவி மென்மையாக்காவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரித் தெரியும்.

வெள்ளை மெழுகுதிரி இதற்கு நேர் எதிர். அதைத் தேய்த்த இடத்தில் வர்ணம் ஒட்டாது. விலை இல்லை, கட்டுப்பாடும் இல்லை. தேய்த்தால் திரும்ப எடுக்க முடியாது. பள்ளிவாசலுக்கு உதவாது, காலிமுகத்திடலில் மாலை வெயில் அலைமேல் சிதறுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. சொரசொரப்பான கடதாசி மட்டும் வேண்டும்.

குவாஷ், அதாவது அடியிலுள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வர்ணம், கடைசி நேரத்து உதவி. தெருவுக்குக் குறுக்கே போகும் வயர், யாரோ ஒருவரின் தொப்பி, முச்சக்கரவண்டிக் கண்ணாடியில் ஒரு மினுக்கம், சரி. சிவப்பின்மேல் வெள்ளைப் பட்டை இழுக்கப் போனால் அடியிலுள்ள வர்ணம் கரைந்து ரோசாவாகிவிடும்.

ஃபுளூயிட் வாங்குவதென்றால் சிறிய போத்தலாக, நிறம் கலந்ததாக வாங்குங்கள்; திறந்தது மெல்ல மெல்லக் கட்டியாகும், நிறமில்லாதது கடதாசியில் எங்கே பூசினோம் என்று தெரியாது. குலுக்காதீர்கள். குமிழி வெடித்த ஓட்டை வழியே வானத்து நீலம் மினாராவில் புள்ளி வைத்துவிடும்.